பீரோவில் இருந்த பெயர்

போன மாதம் அண்ணன் கோவில்பட்டியிலிருந்து பேசினான். அவன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மண்டபம், சமையல்காரர், எந்தத் தேதியில் வந்தால் விமான டிக்கெட் மலிவு என்று எல்லாவற்றையும் பேசிவிட்டு, போனை வைக்கப் போகும் நேரத்தில் குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்க மாட்டியே? மாப்பிள்ளை வீட்டு ஆளுங்ககிட்ட அந்த ஆபரேஷன் பேச்ச எடுக்காத. பரம்பரையான்னு கேப்பாங்க. ஜாக்கெட்டும் கொஞ்சம் ஏத்தித் தச்சுக்கோ."

நான் "சரி" என்றேன். யோசிக்கவே இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் பழகிய வாய் தானாகச் சொன்ன சரி அது. போனை வைத்த பிறகுதான் கோபம் வந்தது. அண்ணன் மேல் வந்த கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எனக்கு இப்போது 46 வயது. ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறேன். 2001இல் முதுகலை படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களில் ஒருத்தி. கம்பெனிகளின் பழைய கணினி அமைப்பில் இருக்கும் தகவல்களைப் புதிய அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதுதான் என் தொழில். தப்பாக நிரப்பிய கட்டத்தைக் கண்டுபிடித்துவிடலாம். யாரோ வேண்டுமென்றே காலியாக விட்ட கட்டம்தான் உயிரை வாங்கும். இதை வாடிக்கையாளர்களிடம் நான் வருடத்துக்கு நான்கு முறையாவது சொல்லியிருப்பேன்.

1993. எனக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டப் பயிற்சி. பாதி சுற்றில் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. வேகமாக ஓடினால் எல்லோருக்கும் அடிப்பதுபோல அல்ல. யாரோ சுவிட்சைப் போட்ட மாதிரி, ஒரே நொடியில், எண்ண முடியாத வேகம். முன்பும் வந்திருக்கிறது. ஐஸ் தண்ணீரை முகத்தில் அடித்தால் வந்த மாதிரியே சட்டென்று நின்றுவிடும் என்பதை நானாகக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அது ஒரு நரம்பைத் தூண்டி இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் வழி என்றும், மருத்துவர்களே சொல்லிக் கொடுப்பது என்றும் பின்னால் தெரிந்தது. அன்று தண்ணீர் கிடைக்கவில்லை. மயங்கி விழுந்தேன். பி.டி. டீச்சர் என் உதட்டைப் பார்த்துப் பயந்துபோய் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

அப்பா தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் கணக்கர். மறுநாள் லீவு போட்டுவிட்டு, அம்மாவையும் என்னையும் மதுரைக்குக் கூட்டிப்போனார். எக்கோ எடுத்தார்கள். குளிர்ந்த களிம்பும், கறுப்பு வெள்ளைத் திரையில் ஏதோ ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடுவதும் ஞாபகம் இருக்கின்றன. பிறகு என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவர்கள் இருவரும் டாக்டரின் அறைக்குள் போனார்கள். நெடுநேரம் ஆயிற்று. வெளியே வந்த அம்மா, "வால்வு கொஞ்சம் எறங்கி உக்காந்திருக்காம். ஒண்ணும் பயமில்ல, வருஷம் ஒரு தடவ காட்டணுமாம்" என்றாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பஸ் சாத்தூரில் நின்றது. எப்போது அந்த வழியாக வந்தாலும் அப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வெள்ளரிக்காய் வாங்கித் தருவார். அன்று விற்கிற பையன் ஜன்னலுக்குக் கீழேயே நின்று கத்தியும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என்னால்தான் அப்பா இப்படி ஆகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே எனக்கு வீசிங் வந்துவிட்டது. அதாவது, வந்ததாக அம்மா தெருவில் சொல்லிவிட்டாள். மூச்சு வாங்கினால் வீசிங், ஓடாமல் உட்கார்ந்தால் வீசிங், உதடு கறுத்தால் வீசிங். வீசிங் உள்ள பெண்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, பிள்ளைகள் பிறந்திருந்தன. இதயத்தில் ஓட்டை, வால்வு என்று பேர் வாங்கிய பெண்ணை யார் கட்டுவார்கள்? மதுரை ஃபைல் பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் போயிற்று. வருடாவருடம் செக்கப்புக்குப் போகும்போது மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிறோம் என்றுதான் பக்கத்து வீட்டில் சொல்வாள். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதென்று, ஆஸ்பத்திரி முடிந்ததும் என்ன வெயிலாக இருந்தாலும் என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போவாள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

ஆகையால் ஜெர்மனிக்கு வந்தபோது எனக்கு ஒரு வியாதி இருந்தது, அதற்கு ஒரு பொய்ப்பெயரும் இருந்தது. உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. படித்த பெண், இருபத்திரண்டு வயது, நூலகமும் இணையமும் கையில் இருந்தன. தேடியிருக்கலாம். தேடவில்லை. 2005இல் சேலத்துக்காரர் ஒருவருடன் பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம் நடந்தது. பெண் பார்த்த பிறகு இரண்டு மாதம் நாங்கள் தினமும் போனில் பேசினோம். வேலை, சம்பளம், கடவுள் நம்பிக்கை, அவருடைய பழைய காதல் எல்லாம் பேசினோம். இதை நான் பேசவில்லை. அம்மா பேசாதே என்றாள் என்பது உண்மைதான். ஆனால் அப்போது எனக்குப் பதினான்கு வயது அல்ல.

வார இறுதிகளில் காட்டுக்குள் நடக்கப் போவோம். இந்த ஊர்ப் பழக்கம் அவரைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டது. ஏற்றங்களில் நான் பின்தங்குவேன். "ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து உடம்ப விட்டுட்டே" என்று கேலி செய்வார். வீசிங் என்பேன். ஒருமுறை அவர் ஸ்டாப்வாட்ச்கூடப் பிடித்தார்.

2008இல் கர்ப்பமானேன். மகப்பேறு மருத்துவர் கொடுத்த படிவத்தில் ஆஸ்துமா என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். இதயம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். ஜெர்மன்காரர்கள் படிவத்தை வாங்கி ஃபைலில் போட்டுவிட்டு மறக்கிறவர்கள் அல்ல. நுரையீரல் மருத்துவரிடம் அனுப்பிவிட்டார்கள். குழாயில் ஊதச் சொன்னார், இழுக்கச் சொன்னார். காகிதத்தை நீட்டி, "உங்கள் நுரையீரல் அருமையாக இருக்கிறது. ஆஸ்துமா என்று யார் சொன்னது?" என்றார். என் அம்மா என்று சொல்லவா முடியும்? ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து முதுகில் வைத்தார், பிறகு முன்னால் வைத்தார். முன்னால் வைத்ததை அவர் சீக்கிரம் எடுக்கவில்லை.

மறுநாள் இதய மருத்துவரிடம் கணவரும் கூட வந்தார். பதினைந்து வருடம் கழித்து அதே குளிர்ந்த களிம்பு, அதே வாய் திறந்து மூடும் திரை, இப்போது நீலமும் சிவப்புமாக. டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, "எப்ஸ்டைன்" என்றார். பிறகு மிகச் சாதாரணமாக, "எப்போதிலிருந்து உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டார். நான் ஜெர்மனில், "பதினான்கு வயதிலிருந்து" என்றேன். இப்படித்தான் என் கணவருக்குத் தெரிய வந்தது. எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில், இன்னொருவருக்கு நான் சொன்ன பதிலாக.

வெளியே வந்து டிராம் நிறுத்தம் வரை அவர் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. இரண்டாம் நாள் இரவு பாத்திரம் கழுவிக்கொண்டே, "மூணு வருஷமா வேகமா நட, வேகமா நடன்னு உன்னைய வெரட்டிட்டே இருந்தேனே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தக் கோளாறு என்னவென்று இங்கே சொல்லிவிடுகிறேன், நம் ஆட்களில் யாருக்காவது பயன்படலாம். இதயத்தின் வலப்பக்கத்தில் மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை. நடுவில் மூன்று இதழ்கள் கொண்ட வால்வு. கருவில் இதயம் உருவாகும்போது இந்த இதழ்கள் கீழறையின் உட்சுவரிலிருந்து உரிந்து பிரிந்து வர வேண்டும், அவித்த பனங்கிழங்கின் தோலை உரிப்பதுபோல. சிலருக்கு இரண்டு இதழ்கள் சரியாக உரிவதில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டுவிடுவதால் வால்வு தன் இடத்தைவிட்டுக் கீழே இறங்கிப் பொருந்துகிறது. வீட்டில் வாசல்நிலையை இருக்க வேண்டிய இடத்தில் வைக்காமல் நான்கடி உள்ளே தள்ளி வைத்தால் என்ன ஆகும்? அறையில் நான்கடி திண்ணையாகிவிடும். அப்படித்தான் கீழறையின் ஒரு பகுதி மேலறையோடு சேர்ந்துவிடுகிறது. மிஞ்சிய சிறிய அறை, மொத்த ரத்தத்தையும் நுரையீரலுக்குத் தள்ள வேண்டும். வால்வோ சரியாக மூடாது. தள்ளிய ரத்தம் திரும்பி வரும், மேலறை வருடாவருடம் வீங்கும். பலருக்கு மேலறைகளுக்கு நடுவில் ஒரு துவாரமும் இருக்கும். அதன் வழியாகச் சுத்தமாகாத ரத்தம் இடப்பக்கம் போய்விட்டால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இன்னும் சிலருக்கு இதயத்துக்குள் மின்சாரம் ஓடக் கூடுதலாக ஒரு குறுக்குவழியும் இருக்கும். எனக்குச் சுவிட்ச் போட்டது அதுதான். பிறவி இதயக் கோளாறுகள் எல்லாவற்றிலும் இதன் பங்கு நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு. சிலர் பிறந்த சில நாளிலேயே இறந்துபோகிறார்கள். சிலர் எழுபது வயதுவரை தெரியாமலே வாழ்கிறார்கள். நான் நடுவில் இருந்தேன்.

பெயர் கிடைத்த பிறகு அந்தப் பெயருக்கு உரியவரைத் தேடினேன். வில்ஹெல்ம் எப்ஸ்டைன். 1866இல், முப்பது வயது நிரம்பாத மருத்துவராக, பிரெஸ்லாவ் நகரில் வேலை பார்த்தபோது ஒரு கட்டுரை எழுதினார். அந்த ஊர் இன்று போலந்தில் விரோட்ஸ்வாஃப். 'மிக அரிதான ஒரு நேர்வு' என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். பத்தொன்பது வயதுத் தொழிலாளி ஒருவன், சின்ன வயதிலிருந்தே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்து, சில நாட்களில் இறந்துபோகிறான். எப்ஸ்டைன் அவன் இதயத்தைத் திறந்து பார்த்து, இறங்கிய வால்வை விவரித்து எழுதுகிறார். எக்ஸ்ரே வரவே இன்னும் முப்பது வருடம் இருந்தது. உயிரோடிருக்கிற ஒருவரிடம் இதைக் கண்டுபிடிக்க 1940களின் கடைசி வரை ஆனது. அதாவது எண்பது வருடம் இதைப் பிணங்களில் மட்டும்தான் பார்த்தார்கள். எப்ஸ்டைன் பின்னாளில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, உடற்பருமன், நீரிழிவு என்று வேறெதையெல்லாமோ எழுதி, 1912இல் அங்கேயே இறந்தார். அவர் பெயரை இந்த நோய்க்கு மற்றவர்கள் வைத்தது அதற்கும் பிறகு. 2011இல் கோட்டிங்கனில் ஒரு வாடிக்கையாளருக்காக நான்கு மாதம், திங்கள் முதல் வியாழன் வரை தங்கி வேலை பார்த்தேன். அவர் அந்த ஊர்க்காரர் என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

எனக்கு எப்ஸ்டைனைவிட அந்தப் பையன்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறான். கூலி வேலைக்குப் போனவன். மற்றவர்களைவிட மெதுவாகத்தான் மூட்டை சுமந்திருப்பான். அவன் வீட்டில் அதற்கு என்ன பெயர் சொல்லிச் சமாளித்தார்கள்?

மகள் 2009இல் பிறந்தாள். அதற்கு முன்பே வயிற்றில் இருக்கும்போது அவள் இதயத்தைப் பார்த்துவிட்டார்கள். தாய்க்கு இருந்தால் குழந்தைக்கு இதயக் கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால். அந்த அரை மணி நேரம் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. அவளுக்கு ஒன்றுமில்லை.

2015இல் தொடையில் கம்பி நுழைத்து அந்தக் குறுக்குவழியைச் சுட்டு அடைத்தார்கள். 2018 தொடக்கத்தில் மாடிப்படி ஏறினாலே மூச்சு முட்டியது. மேலறை மிகவும் விரிந்துவிட்டது, இனித் தள்ளிப்போட வேண்டாம் என்றார்கள். அறுவை மருத்துவர் ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார். சுவரோடு ஒட்டியிருக்கும் இதழ்களைக் கவனமாக உரித்தெடுத்து, சுற்றிக் கொண்டுவந்து ஒன்றோடொன்று தைத்து, கூம்பாக்கி, வால்வு இருக்க வேண்டிய இடத்தில் பொருத்துவது. செயற்கை வால்வு வைப்பதில்லை, என் சதையிலேயே வால்வு. பிரேசிலைச் சேர்ந்த ஜோசே பெட்ரோ தா சில்வா என்ற மருத்துவர் உருவாக்கிய முறை. 1993 நவம்பரிலிருந்து 2005 வரை இப்படிச் செய்துகொண்ட 40 பேரைப் பற்றி அவர் 2007இல் கட்டுரை வெளியிட்ட பிறகு உலகம் முழுக்கப் பரவியது. 1993 என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாங்கள் ஃபைலைப் பீரோவில் வைத்துப் பூட்டிய அதே வருடம்.

"சிறுவயது அறிக்கைகள் இருக்கின்றனவா? எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கலாம்" என்றார் அறுவை மருத்துவர். அப்பா அப்போது உயிரோடில்லை. அம்மாவிடம் போனில் கேட்டேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு, "நானே கொண்டாரேன்" என்றாள்.

அறுபத்தெட்டு வயதில், முதன்முதலாக விமானம் ஏறி, இட்லிப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு, ஃபைலை மட்டும் மஞ்சள் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். பிரித்ததும் அந்துருண்டை வாசம். வருடத்துக்கு ஒன்றாக எக்கோ அறிக்கைகள், ஈ.சி.ஜி. சுருள்கள், பஸ் டிக்கெட்டுகள்கூட இருந்தன. அப்பா கணக்கர் அல்லவா. முதல் அறிக்கையின் கடைசி வரியில், தட்டச்சில், எழுத்துப்பிழை இல்லாமல் அந்தப் பெயர் இருந்தது. மதுரை டாக்டருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. என் வியாதியின் பெயர் பதினைந்து வருடம் எங்கள் வீட்டுப் பீரோவிலேயே இருந்திருக்கிறது. உறையின் பின்பக்கம் அப்பா தன் பேரேட்டுக் கையெழுத்தில் தமிழில் 'எப்ஸ்டீன்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். யாரிடமும் சொல்லப் போவதில்லை என்று முடிவு செய்த பெயரை ஏன் எழுதி வைத்தார், கோடு போட்டு?

ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பு, இரவு, அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். நான் படத்தை வைத்து அவளுக்கு விளக்கினேன். "கடலப் பொட்டலம் சுருட்டுத மாதிரியா?" என்று கேட்டாள். அதைவிடச் சரியாக அந்த அறுவைச் சிகிச்சையை யாரும் எனக்குச் சொன்னதில்லை. பிறகு, கேட்காமலே சொன்னாள்.

"எனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா. ஒனக்குத் தெரியாது. பதினோரு வயசுல போயிட்டா. ஓட மாட்டா, நீச்சல் பழக மாட்டா. உதடு எந்நேரமும் நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கும். அவ செத்த பொறவு, அந்தக் குடும்பத்துல சீக்கு ஓடுதுன்னு ஊரு பூரா பேச்சு. என்னப் பொண்ணு பாக்க வந்த மூணு எடமும் அதக் கேட்டே திரும்பிப் போச்சு. நாலாவதுதான் ஒங்க அப்பா. அவுகளுக்கு யாரும் சொல்லல. நானும் சொல்லல."

"அப்பாவுக்கு எப்பத்தான் தெரியும்?"

"மதுரையில டாக்டர், குடும்பத்துல யாருக்கும் இப்படி உண்டான்னு கேட்டாரு. அப்ப நான் சொல்லித்தான ஆகணும்?"

சாத்தூரில் வெள்ளரிக்காய் வாங்காத அப்பா. இருபத்தைந்து வருடம் அந்த மௌனம் என்னால் என்றுதான் நினைத்திருந்தேன். டாக்டர் முன்னால் அம்மா சொன்ன பதிலை அப்பா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும், டிராம் நிறுத்தம் வரை பேசாமல் நடந்த என் கணவரும் சேர்ந்து நினைவுக்கு வந்தார்கள். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. "பால் காய்ச்சட்டுமா?" என்று கேட்டேன். பெரியம்மாவுக்கு இருந்தது இதே வால்வுதானா, வேறு ஏதாவதா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. அவளுக்கு ஒரு போட்டோகூட இல்லை.

ஆபரேஷன் ஏழு மணி நேரம் ஆனதாகச் சொன்னார்கள். எனக்கு அதில் பங்கில்லை. விழித்தபோது தொண்டையில் குழாய், நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை வைத்த கனம். இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வாரக்கணக்கில் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. ஒன்பது வயது மகள் மடியில் ஏற வந்து, ஞாபகம் வந்து, பின்வாங்கி நிற்பாள். அம்மா தினமும் தைலம் தேய்க்க வருவாள், தழும்பைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். விசா முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஒருநாள் திருப்பவில்லை. விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்துவிட்டு, "நேரா தச்சிருக்கான்" என்றாள்.

மூன்று மாதம் கழித்து அதே காட்டில் அதே ஏற்றத்தில் ஏறினேன். மூச்சு வாங்கியது, ஆனால் மற்றவர்களுக்கு வாங்குவது போல வாங்கியது. நாற்பது வயதை நெருங்கும்போது எனக்கு அது புது அனுபவம். கணவர் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். தொப்பை.

அந்த வருடமே அண்ணனிடம் சொன்னேன்: உன் மகளுக்கு ஒருமுறை எக்கோ எடுத்துவிடு, ஒன்றும் இருக்காது, பார்த்துவிட்டால் நிம்மதி. "எடுத்தா எழுதிக் குடுத்துருவாங்கல்லா?" என்றான். அவனைப் பொறுத்தவரை, எழுதாதது இல்லாதது. ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் சென்னையில் வேலைக்குப் போன பிறகு, இந்த ஆனி மாதம் அவளாகவே போய் எடுத்துக்கொண்டாள். எல்லாம் சரியாக இருக்கிறது. சந்தோஷத்தில் அறிக்கையை அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள், "அத்தைக்காக எடுத்தது" என்று. ஐந்து நிமிடத்தில் அண்ணன் அழிக்கச் சொல்லிவிட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லும் காகிதமும், ஏன் சந்தேகப்பட்டாய் என்ற கேள்வியைக் கூட்டி வரும் அல்லவா. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும் அந்தக் குழுவில் இன்னும் இருக்கிறது. அதற்குக் கீழே யாரோ ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணனைக் கெட்டவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆபரேஷன் அன்று இரவெல்லாம் கோவில்பட்டியில் விழித்திருந்து என் கணவருக்கு ஒரு மணிக்கொரு தரம் போன் செய்தவன் அவன்தான். செண்பகவல்லி அம்மனுக்கு எனக்காக என்ன நேர்ந்துகொண்டான் என்பதை இன்றுவரை சொல்லவில்லை. மகள் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. அம்மாவுக்கும் அதுதான் இருந்தது. அவன் பேசிய பேச்சை என் மகளிடம் சொன்னபோது, பதினாறு வயதுக்குரிய கறார் குரலில், "அப்படின்னா நீ அப்பாகிட்ட பொய் சொல்லித்தான் கல்யாணம் பண்ணுனியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இன்னும் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலையில், அவளுக்கு நாக்கு வராத தமிழில், "பெரிய பாட்டி பேரு என்ன?" என்று கேட்டாள். பதினோரு வயதில் போன பெரியம்மாவைத்தான் கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டோம்.

போன வாரம் கோவில்பட்டித் தையல்கார அக்கா வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். பட்டுச் சேலைக்கு ஜாக்கெட் தைக்கத் துணி வந்துவிட்டது. "முன் கழுத்து எறக்கம் எத்தன வைக்கட்டும்? ஒங்க மதினி நல்லா ஏத்தி வைக்கச் சொன்னாங்க."

கண்ணாடி முன்னால் டேப்பைத் தோளிலிருந்து பிடித்துப் பார்த்தேன். தழும்பு இப்போது வெளுத்துவிட்டது. தொண்டைக்குழிக்கு இரண்டு விரல் கீழே தொடங்குகிறது. பழைய ஜாக்கெட் அளவு ஆறரை இன்ச். அந்த அளவுக்குத் தழும்பின் மேல்முனை கொஞ்சம் தெரியும், சங்கிலி போட்டாலும் தெரியும்.

'ஆறரை. பழைய அளவேதான்' என்று எழுதி அனுப்பினேன். மதினியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றும் சேர்த்தேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.